எம்பிடியில் பாட்டு ஓடுகிறது, க்னோமில் கன்ட்ரோல் வரவில்லை

லினக்ஸில் எம்பிடி (MPD, பின்னணியில் பாட்டு ஓட்டும் சர்வர்) பாடுகிறது, ஆனால் க்னோம் (GNOME) டெஸ்க்டாப்பில் அதன் கன்ட்ரோல் வரவில்லை என்றால், இரண்டையும் இணைக்கும் எம்பிடிரிஸ்2-ஐ (mpDris2) சுடோ (sudo, ரூட் என்ற நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது) போட்டு ஓட்டாதீர்கள், உங்கள் சொந்தக் கணக்கில் ஓட்டுங்கள். சிக்கல் அனேகமாக அங்கேதான்.

எம்பிடிக்கு எம்பிரிஸ் (MPRIS, டெஸ்க்டாப் பிளேயர்களைக் கட்டுப்படுத்தும் பொது மொழி) பேசத் தெரியாது. 6600 போர்ட்டில் தன் பாஷையில் பேசிக்கொண்டிருக்கும். க்னோமோ, நீங்கள் லாகின் செய்த செஷனின் டி-பஸ்ஸில் (D-Bus, புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) யார் எம்பிரிஸ் பேசுகிறார்கள் என்று மட்டுமே பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பாலம்தான் எம்பிடிரிஸ்2. அதை ரூட்டாக ஓட்டினால் உங்கள் செஷன் பஸ் அதற்கு எட்டாது. எம்பிடி வேறு யூசரில் ஓடினாலும் பரவாயில்லை, பாலம் உங்கள் பக்கம் இருக்க வேண்டும்.

1. ஓடுகிற பழைய எம்பிடிரிஸ்2 பிராசஸை நிறுத்துங்கள். பிறகு அதை சிஸ்டம்டியின் (systemd, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிப்பது) யூசர் சர்வீஸாக, சுடோ இல்லாமல், எனேபிள் செய்யுங்கள்.

2. டெர்மினலில் பிளேயர்சிடிஎல் (playerctl, எம்பிரிஸ் பிளேயர்களைப் பார்க்கும் கருவி) கமாண்டை லிஸ்ட் ஆப்ஷனோடு (playerctl -l) அடியுங்கள். பட்டியலில் எம்பிடி பெயர் வந்தால் பாலம் சரி. வரவில்லையா? அந்த சர்வீஸின் லாகைப் பாருங்கள். கனெக்‌ஷன் மறுக்கப்பட்டது என்று இருந்தால் ஹோஸ்ட், போர்ட் சரிபார்க்க வேண்டும். எம்பிடிக்குப் பாஸ்வேர்டு வைத்திருந்தால் அதையும் பாலத்துக்குச் சொல்ல வேண்டும், பலர் மறப்பது இதைத்தான்.

ஒரு எச்சரிக்கை: பிரவுசரில் வீடியோ டேப் திறந்திருந்தால் அதுவும் எம்பிரிஸ் பிளேயராகப் பதிவாகும். கீபோர்டின் பாஸ் பட்டன் அதற்குப் போகலாம். சோதிக்கும்போது பிரவுசரை மூடிவிடுங்கள்.

ஆல்பம் படம் வராவிட்டால் அது தனி விஷயம். எம்பிடிரிஸ்2 கான்ஃபிக் ஃபைலில் பாட்டு ஃபோல்டரின் பாதையைக் கொடுத்துப் பாருங்கள்.