போரை மனிதர்கள் வழியாகச் சொல்லும் கதைகள்

அரசியல் பேசாமல் போரின் மனிதப் பக்கத்தைக் காட்டும் கதைகள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு ஜோடி பூட்ஸ்.

ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் ‘ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃபிரன்ட்’ என்ற முதல் உலகப் போர் நாவலில் (1929) கெம்மரிச் என்ற இளம் ஜெர்மன் சிப்பாய் கால் துண்டிக்கப்பட்டு மருத்துவமனையில் கிடக்கிறான். பார்க்க வந்த நண்பன் முல்லருக்கு அவனுடைய தோல் பூட்ஸ் மீதுதான் கண். சாகக் கிடப்பவனிடம் போய் இதைக் கேட்பார்களா என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது, முல்லர் கெட்டவன் இல்லை. சேற்றில் நிற்பவனுக்கு நல்ல பூட்ஸ் பெரிய விஷயம். இவன் எடுக்காவிட்டால் மருத்துவமனைச் சிப்பந்தி எடுத்துக்கொள்வான். பிறகு முல்லரும் சாகிறான். அதே பூட்ஸ் கதை சொல்லும் பால் என்ற சிப்பாயிடம் வருகிறது.

இன்னொரு இடத்தில், குண்டுக்குழிக்குள் விழுந்த பிரெஞ்சுச் சிப்பாயைப் பால் பயத்தில் குத்திவிடுகிறான். அவன் உயிர் பிரியும்வரை பக்கத்திலேயே கிடக்க வேண்டியிருக்கிறது. பர்ஸைத் திறந்தால் ஒரு பெண், ஒரு சிறுமியின் படங்கள். ஆள் அச்சுத் தொழிலாளி. அதற்கு மேல் அவனை எதிரி என்று நினைக்க என்னால் முடியவில்லை.

படமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பானிய இயக்குநர் தகாஹாட்டாவின் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’ (1988). இரண்டாம் உலகப் போரில் பசியால் தன் தங்கையை இழந்த எழுத்தாளர் நொசாகாவின் கதையை வைத்து எடுத்த படம் அது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள்.

ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், ரஷ்ய எழுத்தாளர் ஷோலகவின் ‘ஒரு மனிதனின் விதி’ என்ற சிறிய கதையைப் படியுங்கள். லாரி ஓட்டுநர் சொக்கலோவின் மனைவியும் இரண்டு மகள்களும் வீட்டின் மேல் விழுந்த குண்டில் போய்விடுகிறார்கள். மகன் சாவது 1945 மே 9 அன்று, போர் முடிந்த அதே நாளில். பிறகு ஓர் அநாதைச் சிறுவனிடம் ‘நான்தான் உன் அப்பா’ என்று சொல்லித் தன்னோடு வைத்துக்கொள்கிறார். பையனும் நம்பிவிடுகிறான். ஒருநாள் திடீரென்று கேட்கிறான்: அப்பா, உன் தோல் கோட்டு எங்கே?

இவரிடம் தோல் கோட்டே இருந்ததில்லை. ஊரிலேயே விட்டு வந்துவிட்டேன் என்று சொல்லிச் சமாளிக்கிறார். சரி, என்னைத் தேடிவர ஏன் இவ்வளவு நாளாயிற்று என்று அடுத்த கேள்வி வருகிறது.