இன்டர்வியூவிலும் மீற்றிங்கிலும் ஆங்கிலம் கதைக்க வாய் வருவதில்லை, என்ன வழி?

களுவாஞ்சிக்குடியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். கணக்கியல் டிப்ளோமா முடித்தாயிற்று, எழுதச் சொன்னால் ஆங்கிலம் எழுதுவேன், ஆட்களுக்கு முன்னால் மட்டும் வாய் திறக்க முடியவில்லை, திரும்பவும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகவா என்று. கிழக்குக் கரையில் வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்கிற ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இந்தக் குறை என்று நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

தம்பி (தங்கச்சியாக இருந்தால் மன்னிக்க வேண்டும்), வகுப்புக்கு இப்போது காசு கட்ட வேண்டாம். பாடசாலையில் அத்தனை வருஷம் படித்ததில் இலக்கணம் தேவையான அளவு வந்துவிட்டது. பரீட்சை எழுத்துப் பரீட்சை என்பதால் அது கையோடு நின்றுவிட்டது, நாக்குக்கு ஏறவில்லை. வேலை இடத்துக்கு வேண்டியது நாற்பது, ஐம்பது வசனம். அவை யோசிக்காமல் வர வேண்டும். அதோடு, தமிழில் நாம் மரியாதையாகவும் சரியாகவும் செய்கிற சில விஷயம் ஆங்கிலத்தில் வேறு அர்த்தம் கொடுக்கிறது. வகுப்புகளில் இதை அனேகமாகத் தொடுவதே இல்லை, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலாவது, நம்முடைய ‘ஓம்’. மனேஜர் கேட்கிறார்: “ஹாவன்ட் யூ சென்ட் த ரிப்போர்ட்?” அறிக்கையை இன்னும் அனுப்பவில்லையா என்று. தமிழில் நாம் “ஓம், அனுப்பல்ல” என்போம். நீங்கள் சொல்வது சரி என்பதற்காக அந்த ஓம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கேள்வி எந்த மாதிரி வந்தாலும், நடந்திருந்தால் யெஸ், நடக்காவிட்டால் நோ. நீங்கள் “யெஸ் சேர்” என்று சொல்லி நிறுத்தினால் அவர் அறிக்கை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். பின்னேரம் மெயிலைத் திறந்து பார்த்து அது இல்லை என்றால் நீங்கள் பொய் சொன்ன ஆள். நேர்மையான பிள்ளைகளுக்கு இந்த ஒரு சொல்லால் கெட்ட பெயர் வருகிறது.

இதற்கு ஒரே வழி, யெஸ், நோ இரண்டையும் தனியே விடாமல் முழு வசனமாகச் சொல்வது. “ஐ ஹாவ் நாட் சென்ட் இட் யெட். ஐ வில் சென்ட் இட் பை த்ரீ ஓ க்ளாக்.” ‘ஹாவன்ட்’ என்று சுருக்கவும் வேண்டாம். போனிலும் ஸூமிலும் அதன் கடைசி எழுத்து விழுங்கப்பட்டு, ‘ஹாவ்’ என்று கேட்டு, அர்த்தம் தலைகீழாகிவிடும். ‘கான்ட்’ என்பதும் அப்படித்தான், ‘கேனொட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். “டூ யூ மைன்ட்” என்று தொடங்கிக் கேட்டால் சம்மதத்துக்குப் பதில் ‘நோ’. குழப்பமாக இருந்தால் அந்த இடத்தில் “ஷுவர், கோ அஹெட்” என்று விடுங்கள்.

விளங்காமல் தலையாட்டுகிற ஓம் ஒன்றும் இருக்கிறது. பெரியவர் கதைக்கும்போது குறுக்கே கேட்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தொகையும் திகதியும் போகிற இடத்தில் கேட்காமல் விடுவதுதான் பிழை. வெறும் “வாட்?” என்று கேட்டால் முகத்தில் அடித்தமாதிரி இருக்கும். விளங்கிய பகுதியை முதலில் சொல்லி, விளங்காததை மட்டும் கேளுங்கள்: “ஐ காட் த டேட். குட் யூ ரிபீட் த அமவுன்ட், ப்ளீஸ்?” பேச்சு முடிகிற இடத்தில் ஒரு தரம் திருப்பிச் சொல்லுங்கள்: “ஸோ யூ நீட் த்ரீ குவோட்டேஷன்ஸ் பை தேர்ஸ்டே. இஸ் தட் ரைட்?” இந்த ‘பை’யில் கவனம் வேண்டும். வியாழனுக்குள் என்றால் ‘பை தேர்ஸ்டே’. வியாழன் வரைக்கும் என்றால் ‘அன்டில் தேர்ஸ்டே’. “அன்டில் தேர்ஸ்டே அனுப்புவேன்” என்று சொன்னால் வியாழன் வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்றாகிவிடும்.

அடுத்தது மரியாதை. தமிழில் அது வினையின் வாலில் இருக்கிறது. ‘பொறு’வோடு ‘ங்க’ சேர்த்தால் போதும். ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. “பொறுங்க சேர்” என்பதை அப்படியே “வெயிட் சேர்” என்றால், சேர் என்று சொன்ன பிறகும் அதட்டினமாதிரித்தான் கேட்கும். ஆங்கிலத்தில் மரியாதையை வசனத்தின் தலையில் வைக்க வேண்டும். ‘குட் யூ’, ‘வுட் யூ’, ‘மே ஐ’ என்று தொடங்குவது அதற்குத்தான். “குட் யூ கிவ் மீ எ மினிட்?” “மே ஐ ஆட் சம்திங்?” ‘ஐ வான்ட்’ வருகிற இடத்தில் எல்லாம் ‘ஐ வுட் லைக்’. சேர், மிஸ் என்று கூப்பிடுவது கச்சேரி போன்ற அரச அலுவலகங்களிலும் பாடசாலையிலும் சரி. பல வெளிநாட்டு நிறுவனங்களில் இயக்குநரையே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், நமக்கு நாக்குக் கூசும். முதல் மீற்றிங்கில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கவனித்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மறுத்துச் சொல்லும்போது ஆளைத் தொடாமல் விஷயத்தைத் தொட வேண்டும். “யூ ஆர் ராங்” வேண்டாம். “ஐ ஹாவ் எ கன்சர்ன் அபௌட் த டேட்” என்று எடுத்து, ஒரு காரணமும் ஒரு மாற்றும் கொடுங்கள்: “த லொரி கம்ஸ் ஆன் ட்யூஸ்டே. கேன் வீ மேக் இட் வெட்னஸ்டே?” ‘பார்ப்பம்’ என்ற நினைப்பில் “ஐ வில் ட்ரை” என்று மட்டும் சொன்னால் கேட்பவர் நடக்காது என்றே எடுத்துக்கொள்வார். நாள் சொல்லுங்கள். பிந்தும் என்றால் பிந்துவதற்கு முன்பே, எத்தனை நாள் பிந்தும், ஏன், புதுத் திகதி எது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாய் ஏன் அடைக்கிறது என்று கேட்டால், தமிழில் வினை கடைசியில் வரும். “போன கிழமை பாங்க் கணக்கை நான் சரிபார்த்தேன்” என்று மனதில் கட்டி முடித்து, பிறகு அதைப் புரட்டப் பார்க்கிறோம், அதற்குள் மூன்று செக்கன் போய்விடுகிறது. ஆளையும் வினையையும் முதலில் வெளியே விடுங்கள்: “ஐ செக்ட்...” மிச்சம் ஒவ்வொன்றாக வந்து சேரும். காலப் பிழைக்கும் மருந்து கேள்வியிலேயே இருக்கிறது. ‘டிட் யூ’ என்று கேட்டால் இறந்தகாலத்தில் பதில். ‘டிட் நாட்’டுக்குப் பிறகு ‘கோ’தான் வரும், ‘வென்ட்’ வராது. ‘சின்ஸ் 2022’ என்று சொல்வதாக இருந்தால் முன்னுக்கு ‘ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்’ வர வேண்டும், ‘ஐ ஆம் வொர்க்கிங்’ பிழை.

இன்டர்வியூவில் “டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்” என்றவுடன் பாடசாலையில் எழுதின ‘மைசெல்ஃப்’ கட்டுரை வாயில் வந்துவிடும்: அப்பா, அம்மா, சகோதரம், பொழுதுபோக்கு. அவர்கள் கேட்பது அதை இல்லை. இப்போது என்ன செய்கிறேன், அதற்கு முன் என்ன செய்தேன், இந்த வேலை எனக்கு ஏன் பொருந்தும் என்ற மூன்றையும் 150 சொல்லில் எழுதுங்கள். நிமிடத்துக்கு நூறு சொல் என்ற நிதானத்தில் கதைத்தால் ஒன்றரை நிமிடம். அதற்கு மேல் போக வேண்டாம். எழுதியதைப் பாடமாக்கவும் வேண்டாம், இடையில் ஒரு சொல் மறந்தால் முழுதும் நின்றுவிடும். மூன்று பகுதிக்கும் முதல் வசனத்தை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

இன்னொரு இடத்தில் நம் பணிவே நம்மைக் கவிழ்க்கிறது. பயிற்சிக் காலத்தில் நெல் ஆலையில் செய்த வேலையைச் சொல்லும்போது “வீ டிட் த ஸ்டாக்” என்கிறோம். நான் என்று சொன்னால் பெருமையடிக்கிறமாதிரி இருக்கும் என்று கூச்சம். எதிரில் இருப்பவர் எழுதிக்கொள்வது, இவர் தனியாக என்ன செய்தார் என்று தெரியவில்லை என்று. நான்கு வசனத்தில் சொல்லுங்கள்: நிலைமை, உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, வந்த பலன். “த ஸ்டாக் புக் அண்ட் த ஸ்டோர் டிட் நாட் மேட்ச். ஐ வாஸ் இன் சார்ஜ் ஆஃப் த வீக்லி கவுன்ட். ஐ செக்ட் எவ்ரி ரிட்டர்ன் நோட் அண்ட் ஃபவுண்ட் டுவெல்வ் பேக்ஸ் நாட் என்டர்ட். ஆஃப்டர் தட் வீ என்டர்ட் ரிட்டர்ன்ஸ் ஆன் த சேம் டே.” பன்னிரண்டு மூட்டை சின்ன எண்ணிக்கைதான். ஆனால் எண்ணிக்கை சொன்னதால் நம்புவார்கள். ‘வீ’ கடைசி வசனத்தில் வந்தால் போதும்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் “அஸ் யூ விஷ்” என்று சொல்லவே வேண்டாம். ஒரு வீச்சைச் சொல்லி, அது அடிப்படைச் சம்பளமா, கையில் வருவதா என்று கேளுங்கள்: “இஸ் தட் பேஸிக் ஓர் டேக் ஹோம்?” ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்) உங்கள் பங்கு 8 வீதம் சம்பளத்தில் இருந்து கழியும். அடிப்படைச் சம்பளம் மட்டும் 80,000 என்றால் 6,400 கழிந்து 73,600தான் கையில். நிறுவனம் போடுகிற 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான (ஈ.டி.எஃப்) 3 வீதமும் உங்கள் சம்பளத்தில் கழிக்கக்கூடாதவை. கணக்கியல் படித்த ஆள் இந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால்தான் யோசிப்பார்கள்.

எண்ணில் விழுகிறவர்கள் அதிகம். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் போனில் ஒன்றாகக் கேட்கும், “ஒன் ஃபைவ்”, “ஃபைவ் ஸீரோ” என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெளிநாட்டு ஆட்களிடம் லட்சம் சொல்ல வேண்டாம்: 10 லட்சம் ஒரு மில்லியன், 25 லட்சம் 2.5 மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன். 03/04 என்று எழுதினால் மார்ச்சா ஏப்ரலா என்று தெரியாது, மாதத்தைப் பெயராக எழுதுங்கள். பெயரிலும் சிக்கல் உண்டு. நமக்கு அப்பாவின் பெயர் முன்னால், அம்பாறைக் கரையோர முஸ்லிம் பிள்ளைகளுக்கு மூன்று முதலெழுத்துக்கூட இருக்கும். படிவத்தில் முன்னால் இருக்கிற பெயரைப் பார்த்து உங்களை அப்பாவின் பெயரால் கூப்பிடுவார்கள். கடவுச்சீட்டில் உள்ள ஒழுங்கிலேயே படிவத்தை நிரப்பி, தொடங்கும்போதே “ப்ளீஸ் கால் மீ...” என்று ஒரு சின்னப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். போனில் ரெக்கோடரைப் போட்டு, எழுந்து நின்று, ஒன்றரை நிமிடம் கதையுங்கள். கேளுங்கள். மறுகா கதையுங்கள். மூன்று தரம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பிழையை மட்டும் தேடுங்கள். முதலில் ‘ஃப’. மேல் பல்லைக் கீழுதட்டில் தொட்டு ஊத வேண்டும். உதடு இரண்டையும் மூடினால் காஃபி ‘கொப்பி’ ஆகும், பிரதி எடுக்கச் சொன்னதாக நினைப்பார்கள். மீற்றிங்குக்கு முந்தின நாள் நிகழ்ச்சிநிரலைப் பார்த்து இரண்டு வசனம் தயார் செய்து, முதல் பத்து நிமிடத்துக்குள் ஒன்றையாவது சொல்லிவிடுங்கள். நேரம் போகப் போக வாய் திறப்பது இன்னும் கஷ்டமாகும்.

இதை வாசித்துவிட்டு, இலங்கை ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பிழை என்கிறாயா என்று ஒருவர் வருவார். இல்லை. நம் உச்சரிப்பை மாற்றச் சொல்லவில்லை, அர்த்தம் மாறுகிற இடங்களை மட்டும்தான் சொன்னேன். ஆங்கில மோகம் என்று இன்னொருவர் வருவார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. இரண்டும் ஒரு ஆளுக்குள் இருந்தது. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் பள்ளி தொடங்கிய மட்டக்களப்பில், இருநூறு வருஷத்துக்குப் பிறகும் பிள்ளைகள் ஆங்கிலம் கதைக்கக் கூச்சப்படுகிறார்கள் என்றால், பிழை விட்டவுடன் சிரிக்கிற நம் ஆட்களுக்கும் அதில் பங்கு உண்டு. பல்கலைக்கழகங்களில் படித்த சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’, அதாவது வாள் என்று பெயர் வைத்தார்கள். வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. பதினைந்து நிமிட முதல் சுற்று இன்டர்வியூவுக்குப் பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூப்பிடுகிறார்கள். 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ்ஸில் ஏறி, கோட்டையில் இறங்கி, எங்கேயோ முகம் கழுவி, ஒன்பது மணிக்குக் கதிரையில் இருக்கிற பிள்ளையிடம் உற்சாகமாகக் கதை என்றால் எப்படிக் கதைப்பது? பக்கத்துத் தெருவில் இருந்து வருகிறவரோடு அது சரிசமமான போட்டி இல்லை. நிறுவனம் தானாகக் கேட்காது, நீங்கள் கேளுங்கள். அழைப்பு வந்த அன்றே மெயிலில் இரண்டு வரி: “ஐ ஆம் பேஸ்ட் இன் பட்டிக்கலோவா. வுட் இட் பி பாசிபிள் டு ஹாவ் த ஃபர்ஸ்ட் இன்டர்வியூ ஆன்லைன்?” ஒத்துக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. ஒத்துக்கொண்டால் முந்தின இரவே ஸூமில் உங்கள் பெயர் சரியாக விழுகிறதா என்று பாருங்கள், அண்ணனின் போன் என்றால் அண்ணனின் பெயர்தான் திரையில் வரும்.