பட்டறைப் பக்கம்: பிசிறும் பிரஷும்

(பதில் தருபவர்: கிண்டி தொழிற்பேட்டையில் டூல் ரூம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: லேத்தில் கடைந்த இரும்பு புஷ்களின் (உருளை வளையங்களின்) விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை எடுக்க, பென்ச் கிரைண்டரில் 6 அங்குல நைலான் பிரஷ் மாட்டினேன். பிசிறு போகவில்லை. அழுத்திப் பிடித்தால் மெழுகு போல ஏதோ ஒட்டுகிறது. பாரிமுனையில் வாங்கியது, போலிச் சரக்கா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் மோட்டாரின் பெயர்த் தகட்டைப் படியுங்கள். நிமிடத்துக்கு 2,880 சுற்று என்று இருக்கும். அந்த வேகத்தில் உங்கள் பிரஷின் விளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,350 மீட்டர் ஓடுகிறது. கம்பி பிரஷ் அதைத் தாங்கும், நைலான் தாங்காது. உலர்ந்த நிலையில் 1,000 மீட்டருக்குள் வைத்திருப்பது நல்லது. நீங்கள் அழுத்தவும் செய்கிறீர்கள். சூடேறி இழை இளகுகிறது. ஒட்டியிருக்கும் மெழுகு அந்த நைலான்தான்.

இந்த இழைக்குள் சிலிக்கான் கார்பைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு துகள், நுனியிலிருந்து அடிவரை கலந்திருக்கிறது. இழை தேயத் தேயப் புதுத் துகள் வெளியே வரும். நுனி மட்டுமல்ல, இழையின் பக்கவாட்டும் மெல்லிய அரம் போல விளிம்பை உரசுகிறது. அதற்கு இழை வளைந்து நிமிர இடம் வேண்டும். ஜாபை, அதாவது கடைந்த பாகத்தை, உள்ளே திணித்தால் அந்த இடம் போய்விடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் தொட்டால் போதும். பழைய 1,440 சுற்று மோட்டார் ஒன்று தேடி, அதில் மாட்டிப் பாருங்கள். சொட்டுச் சொட்டாகக் கூலன்ட் (சூடு தணிக்கும் திரவம்) விழுந்தால் இன்னும் நல்லது.

ஒரே பக்கமாகக் காட்டினால் பிசிறு அறுபடாமல் மறுபக்கம் மடிந்து படுத்துக்கொள்ளும். கைக்கு வழவழப்பாக இருக்கும். அசெம்பிளியில் உடைந்து விழும். ஆகவே ஜாபைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை காட்டுங்கள்.

நகத்தால் நெருடினால் வளையாத தடித்த பிசிறு என்றால், அது பிரஷின் வேலையே அல்ல. லேத்தில் வெட்டும் டூல் மழுங்கியிருக்கிறது; முதலில் அதைத் தீட்டுங்கள். லேத்திலேயே அரை மில்லிமீட்டர் சாம்ஃபர் (விளிம்பில் சாய்வு வெட்டு) போட்டு இறக்கினால் மீதியை 120 கிரிட் (துகளின் அளவைக் காட்டும் எண்) பிரஷ் பார்த்துக்கொள்ளும். இதைச் சொன்னால் ‘சைக்கிள் டைம் (ஒரு பாகத்தை முடிக்கும் நேரம்) கூடும்’ என்று முகம் சுளிக்கிறார்கள். பிசிறு எடுக்கத் தனியாக ஓர் ஆளை உட்கார வைப்பது மட்டும் எந்தக் கணக்கில் வருகிறதோ!

கேள்வி: 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம்ப் பாகங்களைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்து அடுக்கினோம். சில நாளில் துருப்புள்ளிகள். உலோகமே மட்டமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: உலோகத்தைவிட எனக்குப் பிரஷின் மேல்தான் சந்தேகம். சாதாரண எஃகுக் கம்பி உரசும்போது இரும்புத் துணுக்குகள் மேற்பரப்பில் பதிந்துவிடும். உங்கள் ஊர்க் கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பவை அவைதான். சோதிப்பது எளிது: மயில்துத்தக் கரைசலில் சிறிது கந்தக அமிலம் சேர்த்து, ஒரு பாகத்தை ஆறு நிமிடம் நனைத்து வையுங்கள். இரும்பு பதிந்த இடத்தில் செம்பு நிறம் படியும். உணவுப் பொருள் படும் பாகத்தில் மட்டும் இச்சோதனை வேண்டாம். கெட்டுப்போனவற்றை நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தில் பாசிவேஷன் (பதிந்த இரும்பைக் கரைத்து நீக்கும் அமிலக் குளியல்) செய்து மீட்கலாம். இனி ஸ்டெயின்லெஸ் கம்பி பிரஷோ நைலான் பிரஷோ வாங்கி, இரும்பு ஜாபைத் தொட்ட பிரஷ் அந்தப் பக்கமே வராமல் தனி அலமாரியில் பூட்டுங்கள்.

கேள்வி: பிரஷில் வேலை செய்யும்போது துணிக் கையுறை போடலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: கூடாது அம்மா. சுழலும் இழை துணியைப் பற்றினால் விரலும் சேர்ந்து போகும். துப்பட்டாவுக்கும் இதே கட்டளை. அறுந்த கம்பி ஊசி போலப் பறக்கும் என்பதால், பக்கவாட்டும் மூடிய கண்ணாடி கட்டாயம்; பக்கத்து மேசையில் இருப்பவருக்கும்.