ஆசாரி ஒரு நாள் தவறினால்

மதிப்பிற்குரிய ஐயா,
பி.காம். முடித்துவிட்டு வீட்டு விசைப்படகின் கணக்கைப் பார்க்கிறேன். கோடிங் தெரியாது. புராஜெக்ட் மேனேஜ்மென்ட் படித்தால் ஐடியில் நுழையலாம் என்கிறார்கள். எந்த சர்டிஃபிகேட் எடுக்கலாம்?
– ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

சர்டிஃபிகேட் கொஞ்சம் பொறுக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறீர்களே, அதை முதலில் எக்செல்லில் எழுதுங்கள். கடைசித் தேதி நகராத வேலை அது.

பலகை மாற்ற, எல்லாம் கூடிவந்தால் 10 நாள், வழக்கமாக 14, மரம் வராவிட்டால் 30 என்று வைப்போம். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 16. இனி வரிசை: கரையேற்ற 2, கழுவிக் காயவிட 5, பலகைக்கு 16, இடுக்கில் பஞ்சடைக்க 6, பெயின்ட் 5. ஆக 34. எஞ்சினோ அதே நேரத்தில் ஒர்க்‌ஷாப்பில் 20, திரும்பப் பூட்ட 3. கரையேற்றும் 2 நாளையும் சேர்த்து 25தான். எஞ்சின் 9 நாள் பிந்தினாலும் படகு பிந்தாது. ஆசாரி ஒரு நாள் வராவிட்டால் பிந்தும். அந்த 34 நாள் வரிசைக்குத்தான் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். (நாமோ மெக்கானிக்கைத்தான் விரட்டிக்கொண்டிருப்போம்.)

61 நாளில் 34 தானே என்று இருந்துவிடாதீர்கள். அதே ஆசாரி நான்கு படகுக்கு முன்பணம் வாங்கியிருப்பார். ஐடியிலும் ஒரே டெஸ்டரை மூன்று டீம் பங்கு போடும்; அட்டவணை சரிவது அங்கேதான். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஆளின் பெயரும், அவர் எந்தத் தேதி முதல் நமக்கு என்பதும் இருக்கட்டும்.

கோடிங் எழுதத் தெரியாவிட்டாலும் ஏபிஐ, டெஸ்டிங், ரிலீஸ் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஸ்க்ரம் என்பது சிறு குழு வேலையைச் சின்னச் சின்னக் கட்டமாக முடிக்கும் முறை. அதன் 2020 வழிகாட்டி சில பக்கங்கள்தான், இலவசம், படித்துவிடுங்கள். புராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள் என்று அதில் மூன்றே பொறுப்புகள். புராஜெக்ட் மேனேஜருக்கு அங்கே நாற்காலி இல்லை!

புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்டிஃபிகேட்டில் பிஎம்பி அனுபவம் கேட்கும், இப்போது வேண்டாம். தொடக்க நிலையான சிஏபிஎம் கேட்காது: 23 மணி நேரப் படிப்பு, பிறகு 3 மணி நேரத்தில் 150 கேள்விகள். அதை எடுத்தாலும் முதல் வேலையைக் கோஆர்டினேட்டர், டெஸ்டிங், சப்போர்ட் என்றே தேடுங்கள். இன்டர்வியூவுக்குப் படகுத் தாளையும் கொண்டுபோங்கள். நினைத்த தேதி, நடந்த தேதி, இரண்டும் ஒத்துப்போகாததன் காரணம் மூன்றும் அதில் அருகருகே இருக்க வேண்டும்.