பாடகி யார் என்று முடிவு செய்த பிறகு கேமராவை எடுங்கள்

கேள்வி: நான் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி. இறுதிப் பருவத்துக்காக நாங்கள் நால்வர் சேர்ந்து நான்கு நிமிட இசைக் காணொளி ஒன்றை எடுக்க வேண்டும். பாப் இசைக்கலைஞர் ஒருவர் மக்களிடம் எப்படிக் கொண்டுசெல்லப்படுகிறார் என்பது குறித்து ஓர் ஆய்வறிக்கையும் தர வேண்டும். எங்கள் குழுவில் ஒருத்தி நன்றாகப் பாடுவாள். சொந்தமாக ஒரு பாடலும் வைத்திருக்கிறாள். எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாடலை எடுத்தால்தான் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். எங்களிடம் ஒரு மிரர்லெஸ் கேமராவும் ஆறு வார காலமும் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஆய்வை இருவரும் காணொளியை இருவருமாகப் பிரித்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால், முதலில் அதைக் கைவிடுங்கள். இசைக் காணொளி என்பது பாடலுக்குப் போர்த்திய காட்சி மட்டுமன்று. ஒரு கலைஞரை இன்னார் என்று மக்களுக்கு அறிமுகப்படுத்தும் விளம்பரப் பணியும் அதற்குள் இருக்கிறது. எனவே உங்கள் ஆய்வில் கண்டறியும் ஒவ்வொன்றும் உடை, இடம், ஷாட் அளவு, வெளியிடும் நாள் ஆகிய ஏதாவது ஒரு முடிவாக மாற வேண்டும். அப்படி மாறாத ஆய்வு அறிக்கையின் பக்கங்களை நிரப்புமே தவிர, படப்பிடிப்பு நாளில் உங்களுக்கு எந்த விதத்திலும் உதவாது. கையிலுள்ள ஆறு வாரங்களில் முதல் இரண்டை முழுவதும் ஆய்வுக்கு ஒதுக்குங்கள். காட்சிகளை ஷாட் வாரியாக வரைந்துவைக்கும் ஸ்டோரிபோர்டு அதற்குப் பிறகு வரட்டும்.

பாடல் எது என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது: தோழியின் சொந்தப் பாடலையே எடுங்கள். ஒரு சினிமாப் பாடலில் வரிகளுக்கும் இசையமைப்புக்கும் தனித்தனி உரிமைகள் இருப்பதோடு, ஒலிப்பதிவுக்கென்று இன்னோர் உரிமையும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பயன்படுத்துவதற்குச் சில விலக்குகளைத் தருகிறது. ஆனால் வகுப்பறையில் காட்டுவது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. ஏற்றிய சிறிது நேரத்திலேயே அத்தளத்தின் கன்டென்ட் ஐடி முறை பாடலை அடையாளம் கண்டுகொள்ளும். அதன் பிறகு காணொளியைத் தடுப்பதா, அல்லது அதில் வரும் விளம்பர வருவாயை எடுத்துக்கொள்வதா என்பதை உரிமையாளரே முடிவு செய்வார். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பிரபலமான பாடலுக்கு ஏற்கெனவே ஒரு முகமும் ஒரு காட்சியும் மக்கள் மனத்தில் பதிந்திருக்கும்; அங்கே நீங்கள் புதிதாக ஒரு கலைஞரை உருவாக்கிக் காட்ட இடமே இருக்காது. உங்கள் பாடத்திட்டம் கேட்பது அந்த உருவாக்கத்தைத்தான். தோழியின் பாடல் போதாது என்று தோன்றினால் பாரதியாரின் கவிதை ஒன்றுக்கு நீங்களே மெட்டமைத்துப் பதிவு செய்யலாம். அவருடைய வரிகள் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச்சொத்து. எனினும் வேறொருவர் அமைத்த மெட்டும் வேறொருவர் செய்த ஒலிப்பதிவும் அவ்வாறு பொதுவாகிவிடுவதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

இனி ஆய்வுக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான மாணவர்கள் வழி தவறுகிறார்கள்: கலைஞரின் பிறப்பு, விருதுகள், பின்தொடர்வோர் எண்ணிக்கை என்று வாழ்க்கைக் குறிப்பு எழுதிவிட்டு அதை ஆய்வு என்று நினைத்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரே ஒரு பாடலின் வெளியீட்டை எடுத்துக்கொண்டு, அது வெளிவருவதற்கு முந்தைய ஆறு வாரங்களிலும் பிந்தைய ஆறு வாரங்களிலும் என்னென்ன, எந்த வரிசையில், எந்தத் தளத்தில், யாருடைய கணக்கிலிருந்து வெளியிடப்பட்டன என்று நாள்வாரியாக அட்டவணையிடுங்கள். முதல் அறிவிப்பு, போஸ்டர், டீசர், லிரிக் வீடியோ, முழுக் காணொளி, மேக்கிங் வீடியோ, பாடலின் அடையாள நடன அசைவைக் காட்டும் ஹூக் ஸ்டெப் ரீல், பேட்டி, ரீமிக்ஸ் என ஒவ்வொன்றும் அந்த அட்டவணையில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதில் கலைஞரின் முகம் தெரிகிறதா, எந்த உடையில், எந்த நிறத்தில், யாருடன் என்றும் குறியுங்கள். பழைய பதிவுகள் நீக்கப்பட்டிருந்தால் இணையப் பக்கங்களின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தேடிப் பாருங்கள்.

நம் ஊரிலிருந்தே நல்ல எடுத்துக்காட்டுகள் கிடைக்கின்றன. 2011 நவம்பர் 16 அன்று வெளியான 'கொலவெறி' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடலின் முழுமையடையாத வடிவம் முன்னதாகவே கசிந்துவிட்ட நிலையில், படக்குழுவும் சோனி மியூசிக் நிறுவனமும் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் பாடும் காட்சியையே காணொளியாக வெளியிட்டார்கள். படம் திரைக்கு வந்தது 2012 மார்ச் 30 அன்றுதான். செட்டும் நடனக் கூட்டமும் இல்லாத அந்தக் காணொளி, ஹெட்ஃபோன் அணிந்த ஒரு நடிகரை, பக்கத்து வீட்டு இளைஞர் விளையாட்டாகப் பாடுவதுபோல் காட்டியது. எளியவராகவும் அசாதாரணமானவராகவும் ஒரே நேரத்தில் தோன்றுபவரே நட்சத்திரம் என்று திரைப்பட ஆய்வாளர் ரிச்சர்ட் டயர் 1979இல் எழுதியதை உங்கள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கருத்தைப் பொருத்திப் பார்க்க இதைவிடத் தெளிவான தமிழ் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவதாக, 2021 மார்ச்சில் மாஜா என்ற தளத்தின் வழியே வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி'. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் சேர்ந்து வழங்கிய அந்தப் பாடலை, அமித் கிருஷ்ணன் இயக்கத்தில் நிலமும் உடையும் முகங்களும் நிறைந்த ஒரு காட்சி உலகத்தோடு சேர்த்தே மக்கள் பெற்றுக்கொண்டார்கள். திரைப்படத்தின் துணையின்றித் தமிழ்ப் பாடல் ஒன்று இவ்வளவு தூரம் சென்றது எவ்வாறு என்பது விரிவாக ஆராயத் தக்கது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்று அறிவு இடம்பெறாதபோது, இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார்கள். பின்னர் அவ்விதழ் அறிவை டிஜிட்டல் அட்டையில் வெளியிட்டது. கலைஞரின் பிம்பம் என்பது யாரை முன்னால் நிறுத்துகிறோம், யாரைச் சட்டகத்துக்கு வெளியே விடுகிறோம் என்ற தேர்வுகளால் ஆவது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. உங்கள் அறிக்கையில் இதற்கு ஒரு முழுப் பகுதியே தரலாம்.

எண்களைக் கையாளும்போது மிகுந்த கவனம் வேண்டும். பார்வை எண்ணிக்கை என்பது இரசிகர் எண்ணிக்கை அன்று. 2019 ஜூலையில் பாடகர் பாட்ஷாவின் காணொளி ஒன்று 24 மணி நேரச் சாதனை படைத்ததாக அறிவிக்கப்பட்டது. அப்பார்வைகளில் கட்டண விளம்பரங்கள் வழியே வந்தவையும் இருந்தது தெரியவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், 24 மணி நேர சாதனைகளுக்கு விளம்பரப் பார்வைகளைக் கணக்கில் கொள்வதில்லை என்று யூடியூப் தன் விதியை மாற்றியது. கூகுள் டிரெண்ட்ஸ் காட்டும் 0 முதல் 100 வரையிலான அளவு ஒப்பீட்டு அளவே. 100 என்றால் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சம் என்றுதான் பொருள். ஸ்பாட்டிஃபையின் மாதக் கேட்போர் எண்ணிக்கை 28 நாட்களுக்கானது. இந்த வேறுபாடுகளை அறிந்து எழுதும் மாணவரின் அறிக்கை தனித்துத் தெரியும்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால், உங்கள் வசதிக்கு ஒத்ததைத் தேர்ந்தெடுங்கள். 2013 டிசம்பர் 13 அன்று பியான்சே முன்னறிவிப்பே இல்லாமல் 14 பாடல்களையும் 17 காணொளிகளையும் ஒரே நாளில் வெளியிட்டதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த உத்தி ஏற்கெனவே உலகம் அறிந்த ஒருவருக்குப் பலித்தது. அறிமுகமே இல்லாத பாடகிக்கு அந்த மௌனம் பயன்படாது. மாறாக, ஓகே கோ என்ற இசைக்குழு 2006இல் எட்டு டிரெட்மில்களையும் அசையாத ஒரு கேமராவையும் வைத்து ஒரே ஷாட்டில் எடுத்த காணொளி அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. பணம் இல்லாத இடத்தில் ஒரே ஒரு காட்சிக் கருத்தும் விடாத ஒத்திகையும் என்ன செய்யும் என்பதற்கு அது சான்று.

இந்த ஆய்விலிருந்து உங்கள் தோழியைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். அவள் எந்த ஊர்க்காரி, யாருக்காகப் பாடுகிறாள், கேட்பவர் அவளைப் பற்றி ஒரே வாக்கியத்தில் என்ன சொல்ல வேண்டும், எந்த இரு நிறங்கள் அவளுடையவை, எது அவளுக்குப் பொருந்தாது என்பவை அதில் இருக்கட்டும். பிறகு பாடல் வரிகளோடு காட்சி எப்படி உறவு கொள்ளப் போகிறது என்று முடிவு செய்யுங்கள். இசைக் காணொளி ஆய்வாளர் ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வகுத்தபடி, காட்சி வரிகளை அப்படியே விளக்கலாம், அவற்றுக்குக் கூடுதல் பொருள் தரலாம், அல்லது அவற்றோடு தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். மாணவர் காணொளிகளில் முதல் வகைதான் மிகுதி. மழை என்றால் மழை, கண்ணீர் என்றால் கண்ணீர். இரண்டாம் வகையை முயலுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்டோரிபோர்டைப் பாடலின் தாளத்தின் மேல் கட்டுங்கள். பாடலின் வேகம் நிமிடத்துக்கு 100 தட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு 0.6 நொடி, நான்கு தட்டுகள் கொண்ட ஒரு பார் 2.4 நொடி. நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் எடுத்தால் ஒரு பாருக்குச் சரியாக 60 ஃபிரேம்கள். நான்கு நிமிடப் பாடலில் மொத்தம் 100 பார்கள். 100 கட்டங்கள் கொண்ட ஒரு தாளில் பல்லவி, இடையிசை, சரணம் ஆகியவற்றைக் குறித்து, எந்தக் கட்டத்தில் எந்த ஷாட் என்று நிரப்பிவிட்டால், எடிட்டிங்கில் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும். வரைந்த படங்களைப் பாடலோடு சேர்த்து டைம்லைனில் வைத்து ஓட்டிப் பாருங்கள். அதைப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் தனித்தனியே காட்டி, பிடித்திருக்கிறதா என்று கேட்காமல், என்ன நினைவிருக்கிறது, பாடகி எப்படிப்பட்டவளாகத் தெரிகிறாள் என்று கேளுங்கள். கிடைக்கும் பதில்கள் உங்கள் ஒரு பக்கக் குறிப்போடு பொருந்தாவிட்டால் திருத்த வேண்டியது குறிப்பையா, காட்சியையா என்று நால்வரும் பேசி முடிவெடுங்கள். படப்பிடிப்புக்கு முன் இதைச் செய்வதற்கு எந்தச் செலவும் இல்லை.

படப்பிடிப்பில் சில நடைமுறைகள் மிக அவசியமானவை. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் வெளிச்சத்தில் 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் திரையில் மினுக்கல் வராது. பாடலை நல்ல ஒலிபெருக்கியில் உரக்க ஒலிக்கவிட்டு, பாடகி உண்மையாகவே குரல் எழுப்பிப் பாட வேண்டும். வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பும் மூச்சும் பொய் சொல்வது குளோசப்பில் தெரிந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் முழுப் பாடலையும் வைட், மிட், குளோசப் என மூன்று அளவுகளில் இரண்டு இரண்டு முறை எடுங்கள். பாடல் ஓடும் நேரம் மட்டுமே 24 நிமிடங்கள். வெளிச்சமும் ஒப்பனையும் சரிசெய்யும் நேரத்தைச் சேர்த்தால் ஓர் இடத்துக்கு அரை நாள் எளிதில் கழிந்துவிடும். எனவே இரண்டு நாட்களில் நான்கு இடங்களுக்கு மேல் திட்டமிட வேண்டாம். உதடுகள் பாடலோடு பொருந்தியிருக்க, உடலசைவு மட்டும் மெதுவாகத் தெரிய வேண்டுமென்றால், பாடலை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு 50 ஃபிரேமில் எடுத்துப் பிறகு பாதி வேகத்துக்குக் குறையுங்கள். இதற்குத் தோழி இரண்டு நாட்களாவது ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கும். பொது இடங்களில் எடுப்பதற்கு முறையான அனுமதியைக் கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே கேளுங்கள். ட்ரோன் ஷாட் வேண்டாம். அதற்கான விதிமுறைகளைச் சமாளிப்பதிலேயே உங்கள் நேரம் கரைந்துவிடும்.

ரீல்களுக்கான செங்குத்துக் காட்சியை, எடுத்து முடித்த அகலக் காட்சியிலிருந்து வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்; பல்லவியின் எட்டு பார்களை மட்டும் கேமராவைத் திருப்பிவைத்துத் தனியாக எடுங்கள். வெளியீட்டுக்கு, பாடலை இசைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் டிஸ்ட்ரிபியூட்டர் சேவை ஒன்றின் வழியே பதிவு செய்தால் உங்கள் ஒலிப்பதிவுக்கு 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட, அந்த ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி குறியீடு கிடைக்கும். ஸ்பாட்டிஃபையின் பாடல் பட்டியல் தொகுப்பாளர்களுக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது 7 நாட்கள் முன்பே பாடலைச் சமர்ப்பியுங்கள்.

கடைசியாக, படப்பிடிப்புக்கு முன்பே நால்வரும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுங்கள். பாடலின் வரிகளும் மெட்டும் தோழிக்குச் சொந்தம் என்பது, காணொளி யாருக்குச் சொந்தம், எந்தக் கணக்கில் ஏற்றப்படும், வருவாய் வந்தால் எப்படிப் பங்கிடப்படும், தலைப்பிலும் விவரப் பகுதியிலும் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பவை அதில் இருக்க வேண்டும். எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தம் பங்கை இழந்துவிடாதபடி 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நம் சட்டத்திலேயே பாதுகாப்பு அளித்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு எழுதுங்கள். முகம் தெளிவாகத் தெரியும் மற்றவர்களிடமும் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். இந்தத் தாள்களின் நகல்களை ஆய்வறிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள்.