பாதியில் நின்ற சைக்கிள் பயணம்: மறுபடி சென்னையிலிருந்தா, விட்ட இடத்திலிருந்தா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர், கல்லூரிக் காலத்து நண்பர்கள். போன ஜனவரியில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிவரை கடற்கரையோரமாகவே சைக்கிளில் போகக் கிளம்பினோம். நாகப்பட்டினம்வரை நன்றாகத்தான் போனது. அதன்பிறகு ஒருவனுக்கு முழங்கால் வலி வந்து பின்தங்க ஆரம்பித்தான். நாங்கள் மூவரும் முன்னால் போய்ப் போய் அவனுக்காகக் காத்திருந்தோம். ராமநாதபுரத்தில் பேச்சு முற்றி, சைக்கிளை பார்சலில் போட்டுவிட்டு அவன் பஸ் ஏறிவிட்டான். எங்களுக்கும் அதற்குமேல் போக மனசு வரவில்லை. இந்த வருஷம் எப்படியும் முடிக்க வேண்டும். மற்ற இருவரும் திரும்ப சென்னையிலிருந்து ஆரம்பித்தால்தான் கணக்கு என்கிறார்கள், எனக்கு விட்ட இடத்திலிருந்து போகலாம் என்று தோன்றுகிறது. வலி வந்தவனோ "நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கடா" என்கிறான். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: விட்ட இடத்திலிருந்தே போங்கள், ஆனால் நான்கு பேராகப் போங்கள். அவர் வரமாட்டேன் என்றால் இந்த வருஷம் போக வேண்டாம், அடுத்த வருஷம்வரை பொறுங்கள். சாலை எங்கேயும் போய்விடாது. மூன்று பேராகப் போய் முடித்துவிட்டால் அந்த நாலாவது நண்பரிடம் அதைப் பற்றி எப்போதுமே மனம்விட்டுப் பேச முடியாமல் போய்விடும், அது கன்னியாகுமரியில் எடுக்கிற எந்த ஃபோட்டோவாலும் ஈடாகாது.

சென்னையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிற இருவரின் ஆசை எனக்குப் புரிகிறது, ஒரே மூச்சில் முடித்தோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். சென்னையிலிருந்து ராமநாதபுரம் கடலோரமாக 500 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதையெல்லாம் மறுபடி மிதித்து, உடம்பு நன்றாகக் களைத்திருக்கும் நேரத்தில், போன தடவை சண்டை வந்த அதே ஊருக்கு அதே நான்கு பேர் போய்ச் சேருவீர்கள். அதற்குப் பிறகு வருகிற சாலைதான் உங்களுக்குப் புதியது, அதைத்தான் மிச்சமிருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு ஓட்டப் போகிறீர்கள். மரக்காணம் உப்பளமும் தரங்கம்பாடி கோட்டையும் நாகூரும் ஏற்கெனவே நீங்கள் பார்த்தவை. மிதித்த தூரம் மிதித்ததுதான், ஒரு வருஷ இடைவெளி அதை அழித்துவிடாது. வேலையில் இருப்பவர்கள் நெடுந்தூரப் பயணங்களைப் பகுதி பகுதியாக முடிப்பது உலகம் முழுக்க வழக்கம்தான். "இரண்டு பகுதியாக முடித்தோம்" என்று சொல்லுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

ஒரு யோசனை. சண்டை நடந்த ராமநாதபுரத்திலேயே ஆரம்பிக்காமல், தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து ஆரம்பியுங்கள். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரம்வரை மறுபடி ரயில் போகிறது. சைக்கிள்களைப் பார்சலில் போட்டுக்கொண்டு ராமேஸ்வரத்தில் இறங்கி, ஓர் இரவு தூங்கி, காலையிலேயே அரிச்சல்முனைக்குப் போய்விடுங்கள். 1964 புயலில் அழிந்துபோன ஊரைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்து இரண்டு பக்கமும் கடல் சேருகிற இடம் அது. அங்கே சைக்கிளைத் திருப்பினால் வாடைக்காற்று நேராக முகத்தில் அடிக்காது, உங்கள் நண்பரின் முதல் நாள் எதிர்காற்றோடு மல்லுக்கட்டாமல் ஆரம்பிக்கும். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மிதித்தவர்களுக்குத் தெரியும். பாம்பன் சாலைப் பாலத்தில் மட்டும் கவனம், பக்கவாட்டுக் காற்று சைக்கிளைத் தள்ளும், வேடிக்கை பார்க்க வண்டிகளை ஓரத்தில் நிறுத்தியிருப்பார்கள், ஒருவர் பின் ஒருவராக மெதுவாகக் கடந்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் "முன்னால் போய்ப் போய் அவனுக்காகக் காத்திருந்தோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் பொறுமை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பின்னால் வந்தவரின் இடத்திலிருந்து அதைப் பாருங்கள். நீங்கள் மூவரும் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து டீ குடித்து, கால் நீட்டி, ஃபோட்டோ பார்த்து முடிக்கிறீர்கள். அவர் வலியோடு வந்து சேருகிறார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் "சரி, கிளம்பலாமா?" என்கிறீர்கள். அதிக ஓய்வு தேவைப்படுகிறவருக்குத்தான் ஓய்வே கிடைப்பதில்லை! நாள் முழுக்க இது நடந்தால், நாகையிலிருந்து ராமநாதபுரம் வருவதற்குள் எவருக்குமே கோபம் வரும். குழுவாகப் போகிற சைக்கிள் பயணங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், வேகத்தால் கூட இல்லை. அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி ஆள் வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்துதான் ஓய்வுக் கணக்கு ஆரம்பிக்கும், கிளம்பலாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான். முதலில் வந்தவர்களுக்கு அலுப்பாக இருந்தால் அந்த நேரத்தில் எல்லோருடைய பாட்டிலிலும் தண்ணீர் பிடித்து வைக்கலாம், அடுத்த ஊரில் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கலாம்.

அடுத்து சுமை. நான்கு பேரும் அவரவர் பையை அவரவர் சுமப்பது நியாயமாகத் தெரியும், ஆனால் நியாயம் அப்படி இல்லை. வேகமாகப் போகிற இருவர் டூல் கிட், பம்ப், ஸ்பேர் ட்யூப், மருந்துப் பை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளட்டும், அவருடைய பையிலிருந்தும் பாதியை வாங்கிக்கொள்ளட்டும். வேகம் தானாகவே சமமாகும். அவருடைய சைக்கிள் என்ன ரகம் என்று நீங்கள் எழுதவில்லை. மலைச்சாலைக்கான முள்முள்ளான தடித்த டயர் போட்ட வண்டி என்றால் மெல்லிய, வழவழப்பான டயருக்கு மாற்றிக் கொடுங்கள், அந்தச் செலவை நால்வரும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

முழங்கால் வலி பற்றி. முதலில் அவர் ஒரு எலும்பு மூட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்த்து, ஓட்டலாம் என்ற பதில் வாங்கட்டும், இது கட்டாயம். அதற்கு அப்புறம் சீட் உயரம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கும், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலை பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும்; அப்புறம் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். இன்னொன்று, கனமான கியரில் பலம் போட்டு மிதிக்கிற பழக்கம் நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது, அது முழங்காலைத் தின்றுவிடும். லேசான கியரில் கால் வேகமாகச் சுற்றட்டும். கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் வார இறுதிகளில் நால்வரும் சேர்ந்தே ஓட்டிப் பழகுங்கள், ஏனென்றால் அவருக்கு உடம்பு பழகுவதைப் போலவே உங்களுக்கு அவருடைய வேகம் பழக வேண்டும்.

தேதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஜனவரி பாதிவரை சபரிமலை போய்வரும் பக்தர்களால் கன்னியாகுமரி நிரம்பி வழியும், பொங்கல் கூட்டத்தில் ரயில் டிக்கெட்டும் கிடைக்காது. தைப்பூசத்தை ஒட்டி திருச்செந்தூர் சாலை முழுக்கப் பாதயாத்திரை பக்தர்கள் நடப்பார்கள், அறை கிடைப்பது மிகக் கஷ்டம், அதனால் அந்த வருஷம் தைப்பூசம் என்றைக்கு என்று பார்த்துவிட்டு, பொங்கலுக்குப் பிந்தைய நாட்களில் அதைத் தவிர்த்து ஒரு வாரம் ஒதுக்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர்வரை மட்டும் நினைக்கவே வேண்டாம், தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும். அந்தப் பக்கம் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

வழியைப் பொறுத்தவரை, முதல் நாள் அரிச்சல்முனையிலிருந்து ராமநாதபுரம், ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அடுத்த நாள் கீழக்கரை, ஏர்வாடி தாண்டி சாயல்குடிவரை போதும். சின்ன ஊர் என்பதால் தங்க இடம் உண்டா என்று முன்கூட்டியே போனில் உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் தர்காவுக்கு வருபவர்களுக்கான விடுதிகள் இருக்கும் ஏர்வாடியிலேயே நின்றுவிடலாம், ஆனால் மறுநாள் தூரம் கூடிவிடும். இந்தப் பகுதியில் நிழல் குறைவு, கடைகளும் தள்ளித் தள்ளித்தான் வரும், விடியும்போதே கிளம்பி வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருக்காமல் உப்புக்கரைசல் பாக்கெட்டுகளும் வைத்திருங்கள். சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம், அதன் முள் டயரைத் துளைத்துவிடும், நிழலுக்காக ஒதுங்கும்போது சைக்கிளை மண்ணில் உருட்டாமல் தூக்கி வையுங்கள். உங்கள் ட்யூபில் பிரெஸ்டா வால்வு (ரேஸ் சைக்கிள்களில் வரும் மெல்லிய வால்வு) இருந்தால் கிராமத்துக் கடைப் பம்பில் காற்று ஏறாது, அதற்கான சின்ன அடாப்டரைக் கையோடு எடுத்துப்போங்கள்.

மூன்றாம் நாள் வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. அங்கே மக்ரூன் வாங்கிச் சாப்பிடுங்கள், உப்புக்காற்று பட்ட செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். நாலாம் நாள் திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு வழியாக உவரிவரை, ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கொஞ்சம் உள்ளே தள்ளி உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம், மிதிக்கும்போது வாயில் போட்டுக்கொள்ள அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. மணப்பாட்டில் மணல்மேட்டு உச்சியில் கடலைப் பார்த்து நிற்கிற சிலுவைக் கோயிலுக்கு ஏறிப் பாருங்கள், அவசரம் வேண்டாம். உவரியில் அந்தோணியார் கோயிலுக்கு வருபவர்கள் தங்க அறைகள் உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உவரியில் நிற்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. திருச்செந்தூரிலிருந்து ஒரே நாளில் 90 கிலோமீட்டர் அடித்து முடிக்க நினைப்பார்கள் உங்கள் இரு நண்பர்களும். வேண்டாம். உவரியிலிருந்து கூடங்குளம் வழியாக கன்னியாகுமரி சுமார் 50 கிலோமீட்டர்தான், கடைசி நாள் அவ்வளவு குறைவாக இருந்தால் வலி இருப்பவரும் தெம்போடு வந்து சேருவார், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியிருக்காது. கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு அவரை முன்னால் விடுங்கள். ஆனால் அதை ஒரு சடங்குபோல அறிவித்துச் செய்யாதீர்கள், அவருக்குக் கூச்சமாகிவிடும், சும்மா "நீ முன்னால போடா" என்றால் போதும். நால்வரும் வந்து சேரும்வரை யாரும் ஒரு ஃபோட்டோவும் எங்கேயும் போடக் கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அவரை எப்படிக் கூப்பிடுவது? வாட்ஸ்அப்பில் வேண்டாம், மூன்று பேரும் சேர்ந்து போய் நிற்கவும் வேண்டாம், அது பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். நீங்கள் மட்டும் அவர் வீட்டுக்குப் போங்கள். "உன்னால முடியும்டா" என்று உற்சாகப்படுத்தாதீர்கள், அவருடைய பிரச்சினை தைரியக் குறைவு அல்ல. ராமநாதபுரத்தில் நாங்கள் உன்னை ஓய்வெடுக்க விடாமல் ஓட்டினோம், அது தப்பு என்று நேராகச் சொல்லுங்கள். அப்புறம் மேலே சொன்ன வழியைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோமீட்டர் என்பதை மட்டும் அவரே நிரப்பட்டும். அவர் எழுதுகிற எண் உங்களுக்குக் குறைவாகத் தோன்றினால் பேரம் பேசாதீர்கள், ஒரு நாள் கூடுதலாக லீவு போடுங்கள். இடையில் வலி வந்தால் அன்றைய மிச்ச தூரத்தை அவர் பஸ்ஸிலோ வேனிலோ வந்து மறுநாள் சேர்ந்துகொள்ளலாம், அதற்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது என்பதையும் அப்போதே மற்ற இருவரிடமும் பேசி முடித்துவிடுங்கள். அந்த இருவரும் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அவர்களுக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.