தவறான கைது: நஷ்டஈட்டு வழக்குக்கான ஓராண்டுக் கெடு மனநோயால் நீளுமா?

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். 2023 மார்ச்சில் ஆள் மாறாட்டத்தில் திருட்டு வழக்கில் பிடித்துப்போய், 9 நாள் கழித்து விட்டார்கள். சமீபத்தில்தான் தேறியிருக்கிறான். நஷ்டஈட்டு வழக்குக்கு ஓராண்டுதான் கெடு, அது முடிந்துவிட்டது என்கிறார் வக்கீல். மாற்றுத்திறனாளி அட்டை இருக்கிறது. கெடு நீளுமா?

பதில்: நீள வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த அட்டையை வைத்து அல்ல.

காலவரையறைச் சட்டம், 1963இன் அட்டவணையில் 73ஆவது இனப்படி, சட்டவிரோதக் காவலுக்கு இழப்பீடு கேட்கக் காவல் முடிந்த நாளிலிருந்து ஓராண்டு. அசல் வழக்கு என்பதால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி 5ஆவது பிரிவில் மனுப் போட முடியாது. எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டாலும் கெடு தாண்டிய வழக்கை நீதிமன்றமே தள்ளுபடி செய்யவேண்டும் என்கிறது 3ஆவது பிரிவு. உங்களுக்கு மிஞ்சுவது 6ஆவது பிரிவுதான். அது சலுகை தருவது மைனருக்கும், சித்தசுவாதீனம் இல்லாதவருக்கும், பிறவியிலேயே புத்தி வளர்ச்சி இல்லாதவருக்கும் மட்டுமே. பார்வையின்மை, கை கால் ஊனம் போன்றவை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இதில் வராது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியல் வேறு, இது வேறு.

முக்கியமான கேள்வி ஒன்றுதான்: விடுதலையான அன்று அவர் சித்தசுவாதீனம் இல்லாமல் இருந்தாரா? இருந்தார் என்றால், தேறிய நாளிலிருந்து ஓராண்டு கிடைக்கும். 2025 ஜூன் 1இல் தேறினார் என்று வையுங்கள், 2026 ஜூன் 1 வரை போடலாம். 8ஆவது பிரிவில் மூன்றாண்டு என்று இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அது மேல்வரம்பு மட்டுமே. ஓராண்டுக் கெடுவை மூன்றாண்டாக ஆக்காது. விடுதலையான அன்று தெளிவாக இருந்து, பிறகு அந்த அதிர்ச்சியில் நோய் வந்திருந்தால் 9ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்: ஓடத் தொடங்கிய காலம் நிற்காது. இடையில் சில மாதம் நன்றாகத் தேறி, மறுபடி நோய் திரும்பியிருந்தாலும் இதே சிக்கல்தான். தேறிய முதல் கட்டத்திலேயே கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

ஆதாரம் சேர்ப்பதில்தான் பல வழக்குகள் விழுகின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 3(5) பிரிவின்படி, மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது. மனச்சிதைவு என்று எழுதிய சான்றிதழ் மட்டும் போதாது. தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாத நிலை அப்போது இருந்தது என்று காட்டவேண்டும். அந்தச் சமயத்து ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, கைதானபோது செய்த மருத்துவப் பரிசோதனை, சிறைக்குப் போயிருந்தால் அங்கே சேர்க்கும்போது எழுதிய மருத்துவக் குறிப்பு ஆகியவற்றை வாங்குங்கள். மருத்துவப் பதிவேடுகளைப் பெறும் உரிமையை அதே சட்டத்தின் 25ஆவது பிரிவு தருகிறது. 2023இல் அவரைப் பார்த்திராத டாக்டர் இன்று எழுதித்தரும் கடிதம் குறுக்கு விசாரணையில் தாங்காது. அந்தக் காலத்தில் அவரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, தனியாக வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்திருந்தாலோ அதை வக்கீலிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிராதில் (வழக்கைத் தொடங்கத் தாக்கல் செய்யும் மனுவில்) கெடு ஏன் தாண்டவில்லை என்பதைத் தனிப் பத்தியாக, தேதிகளோடு எழுதச் சொல்லுங்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆணை 7, விதி 6 அதைக் கேட்கிறது. விட்டுவிட்டால், விதி 11(டி)யின் கீழ் பிராதைத் தொடக்கத்திலேயே நிராகரிக்கக் கேட்பார்கள். பிராதைத் தாக்கல் செய்வதற்கு முன்பு, அதே சட்டத்தின் 80ஆவது பிரிவு நோட்டீஸ் வேண்டும்: அரசுக்கு என்றால் அரசுச் செயலாளர் அல்லது கலெக்டர் அலுவலகம், போலீஸ் அதிகாரிக்குத் தனியாக. அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்கவேண்டும். அந்த இரண்டு மாதத்தைக் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ளலாம் (காலவரையறைச் சட்டத்தின் 15(2) பிரிவு). ஆனாலும் கடைசி வாரம்வரை இழுக்காதீர்கள். இன்னும் முழுதாகத் தேறவில்லை என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 32இன் கீழ் நீங்களே நெக்ஸ்ட் ஃபிரெண்டாக (அவர் சார்பில் வழக்கை நடத்துபவராக) இருந்து அவர் பெயரில் வழக்குப் போடலாம்.

இன்னொன்று. 9 நாள் என்கிறீர்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்டு செய்திருந்தால், அதற்குப் பிந்தைய நாட்கள் நீதிமன்ற உத்தரவின்பேரில் கழிந்தவை. அவற்றுக்குப் போலீஸ்மீது சட்டவிரோதக் காவல் என்று சொல்வது கடினம். அப்போது தீய நோக்கத்தோடு வழக்குத் தொடுத்ததற்கான 74ஆவது இனத்தைப் பாருங்கள். அதற்கும் ஓராண்டுதான், ஆனால் எண்ணத் தொடங்குவது விடுதலைத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து, அல்லது வழக்கு வேறு விதமாக முடிந்த நாளிலிருந்து. திருட்டு வழக்கு எப்போது மூடப்பட்டது என்று முதலில் பாருங்கள். சமீபத்தில்தான் என்றால் 6ஆவது பிரிவே தேவைப்படாமல் போகலாம். ஆனால் போலீஸாரின் தீய நோக்கத்தையும், நியாயமான காரணம் இல்லாததையும் நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

மனித உரிமை ஆணையத்துக்கும் ஓராண்டு வரம்பு உண்டு. அங்கே மனுக் கொடுத்திருப்பதால் சிவில் கெடு நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள். உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டத்தின் 226ஆவது உறுப்பின் கீழ் ரிட் மனுவுக்குக் குறித்த கெடு கிடையாது, ஆனால் தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் சொல்லவேண்டும். ரிட் வழியில் இழப்பீடு கிடைக்கும் என்பதற்கு 1983ஆம் ஆண்டு ருதுல் ஷா தீர்ப்பு முன்னுதாரணம்: 1968இல் விடுதலைத் தீர்ப்பு பெற்றவரை பீகார் சிறையில் 14 ஆண்டு வைத்திருந்துவிட்டு, மனநிலை சரியில்லாததால் வைத்திருந்தோம் என்றது அரசு. அதற்கு ஆதாரமில்லை என்ற உச்ச நீதிமன்றம் 30,000 ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கூடுதலாகக் கேட்டு சிவில் வழக்குப் போடவும் தடையில்லை என்றது.